ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்: மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது?

நடுவாசல் கேட்டது:

வணக்கம். அக்டோபர் 27 செவ்வாய், 28 புதன் இரண்டு நாளும் ஏதென்ஸில் இருப்போம். புதன் மாலை விமானம். அக்ரோபோலிஸுக்குத் திங்களே சீட்டு எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 11,000-க்கும் மேல் பொருள்கள் காட்சிக்கு இருக்கின்றனவாம், படிக்கும்போதே கால் வலிக்கிறது. கூட வருவது 68 வயது அம்மா (அதிக நேரம் நிற்க முடியாது), 12 வயது பையன் (இயந்திரம் என்றால் உயிர், சிலை என்றால் கொட்டாவி).

தெரிய வேண்டியவை: செவ்வாயா, புதனா? எந்த அறையில் தொடங்குவது? அகமெம்னான் தங்க முகமூடி அசலா, அது பற்றி ஏதோ சர்ச்சை என்கிறார்களே? ஆன்டிகித்தேரா கருவி (சூரிய சந்திர ஓட்டத்தைக் கணக்கிடும் பழைய கிரேக்க இயந்திரம்) படத்தில் துருப்பிடித்த கட்டி மாதிரி இருக்கிறது, நேரில் பார்த்தால் ஏதாவது புரியுமா?

---

பயணப்பை:

முதலில் நாள் கணக்கு. இந்த அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மட்டும் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும், இரவு 8 வரை இருக்கும். மற்ற நாள்களில் காலையிலேயே திறந்துவிடுவார்கள். காலை 9 மணிக்கு வாசலில் வந்து நின்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் வாராவாரம் செவ்வாயன்று உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால நேரம்: செவ்வாய் தவிர மற்ற நாள்களில் மாலை 3.30-க்கே மூடிவிடுவார்கள். உங்கள் தேதி அதற்கு முன்னால் வருவதால் தப்பித்தீர்கள்.

புதன், அக்டோபர் 28, கிரேக்கத்தின் தேசிய விடுமுறை. அன்று அரசு அருங்காட்சியகங்களுக்கு அனுமதி இலவசம். இதைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். இலவச நாளில் தங்க அறைக்குள் கண்ணாடிப் பெட்டி தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். போதாக்குறைக்கு அன்று காலை நகர நடுவில் சிண்டாக்மா சதுக்கம் பக்கம் மாணவர் அணிவகுப்பு, சாலைகளை அடைத்துவிடுவார்கள். பெட்டியோடு விமான நிலையம் போக வேண்டியவர்கள் அந்தத் தலைவலியை விலைக்கு வாங்க வேண்டாம். செவ்வாய் மாலை 4 மணிக்கு உள்ளே போங்கள். 1 மணிக்குக் காத்திருந்து நுழைந்த குழுக்கள் அதற்குள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். 8 வரை உங்களுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கிறது, மூன்று அல்ல.

சீட்டை அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் எடுங்கள். கட்டணம் பலமுறை மாறியிருக்கிறது, பழைய வலைப்பதிவில் போட்டிருக்கும் தொகையை நம்ப வேண்டாம். பையனுக்கும் அம்மாவுக்கும் என்ன சலுகை என்று அதே பக்கத்தில் பாருங்கள். வயதுக்கு ஆதாரமாகப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

போகும் வழி: மெட்ரோவில் விக்டோரியா நிலையம் (பச்சை நிற 1-ஆம் தடம்) அல்லது ஓமோனியா (1, 2 தடங்கள்). இரண்டிலிருந்தும் பத்து நிமிட நடை. ஓமோனியா பக்கம் பையை முன்னால் போட்டுக்கொண்டு நடங்கள். முகவரி 28 அக்டோபர் தெரு, எண் 44. ஆனால் ஊர்க்காரர் வாயில் அது பட்டிசியோன் தெரு. டாக்சிக்காரரிடம் வெறுமனே 'மியூசியம்' என்று சொன்னால் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். அது வேறு கட்டடம், வேறு சீட்டு, ஊரின் இன்னொரு பக்கம்.

முதுகுப்பையை வைப்பறையில் கொடுக்கச் சொல்வார்கள். படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. சிலை மாதிரி கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்தால் காவலர் ஓடி வருவார். கேலி செய்வதாக எடுத்துக்கொள்கிறார்கள், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் படிக்கட்டு இருக்கிறது. அம்மாவுக்கு ஏறக் கஷ்டமென்றால் பக்கவாட்டில் வழி உண்டு, சீட்டுக் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். கீழே முற்றத்தோடு ஒரு காபிக் கடை இருக்கிறது, நடுவில் அரை மணி நேரம் அவரை உட்கார வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

---

ஓட்டுச்சில்லு:

வரிசையைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் செய்யும் தவறு, நுழைந்ததும் இடப்பக்கம் அறை 7-இல் தொடங்கி எண் வரிசையாகப் பளிங்குச் சிலைகளைச் சுற்றுவது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெண்கலங்களிடம் வரும்போது கண்ணும் காலும் ஓய்ந்திருக்கும். நேராக நடங்கள். எதிரே இருப்பது அறை 4, மைசீனி என்ற பழங்காலக் கோட்டை நகரின் தங்கம். அதன் பக்கத்திலேயே அறை 6, கிக்லாடிக் தீவுகளின் பளிங்குப் பொம்மைகள். இரண்டும் சேர்த்து 50 நிமிடம்.

முகமூடி அசல். பெயர்தான் பொய். 1876-இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஹைன்ரிக் ஷ்லீமன் மைசீனியில் கோட்டைக்குள் இருந்த ஆழ்குழிக் கல்லறை வட்டத்தைத் தோண்டினார். ஐந்து கல்லறைகளை அவரும் ஆறாவதைப் பிறகு பனயோத்தீஸ் ஸ்டமடாகிஸும் திறந்தார்கள். மொத்தம் 19 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். ஐந்தாம் எண் கல்லறையில் கிடைத்ததுதான் இந்தத் தாடி முகம். காலம் ஏறத்தாழ கி.மு. 1550-1500. அகமெம்னான் படை நடத்தியதாகச் சொல்லும் டிராய்ப் போர் நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும் அது கி.மு. 1200-ஐ ஒட்டி. அகமெம்னான் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன் இறந்தவரின் முகம் இது. 'அகமெம்னானின் முகத்தைக் கண்டேன்' என்று ஷ்லீமன் தந்தி அடித்ததாகச் சொல்வதும் பின்னால் மெருகேற்றிய கதை. அந்த வாசகம் அப்படியே எந்தத் தந்தியிலும் இல்லை.

போலி என்ற சந்தேகம் எழுந்ததற்குக் காரணம் அதன் முகவெட்டு. முறுக்கிய மீசை, கீழுதட்டுக்குக் கீழே தனியாக ஒரு மயிர்க்குச்சம், தலையிலிருந்து தனியாக வெட்டி நிமிர்த்திய காது. மற்ற முகமூடிகளில் காது தட்டையாகத் தகட்டோடு கிடக்கிறது. இதற்கு விடை அதே அறையில் இருக்கிறது. மற்ற முகமூடிகளையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்று தட்டை, ஒன்று உப்பிய உருண்டை முகம், எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும்போது ஒன்று மட்டும் வேறுபடுகிறது என்று சொல்ல வழியில்லை. தோண்டியபோது கிரேக்கத் தொல்லியல் சங்கத்தின் சார்பில் ஸ்டமடாகிஸ் கூடவே நின்று கண்காணித்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

கண்ணாடிக்குக் கிட்டே போய்க் கண்ணைப் பாருங்கள். இமைக்கோடு நடுவில் ஓடுவதால் மூடியிருக்கிறது, சுற்றிலும் விளிம்பு இருப்பதால் திறந்தும் இருக்கிறது. காதோரம் சிறு துளைகள் இருக்கின்றன. இறந்தவர் முகத்தில் நூலால் கட்டுவதற்கு. வார்ப்பு அல்ல, ஒற்றைத் தங்கத் தகட்டைப் பின்னாலிருந்து தட்டி எழுப்பியது. புருவத்தின் மயிர்க்கோடுகளைக் கூர் கருவியால் முன்னாலிருந்து கீறியிருக்கிறார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தங்க நெற்றிப்பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். இறந்தவரோடு மெல்லிய பொன் தகடு வைப்பது பல நாடுகளில் தனித்தனியாக வளர்ந்த வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு மைசீனிக்கும் தாமிரபரணிக்கும் பாலம் கட்டும் பதிவுகளை இங்கே பகிராமல் இருந்தால் புண்ணியம்.

அறை 4-இல் முகமூடியைவிட நல்ல வேலை மூன்று இருக்கிறது. ஒன்று, சிங்க வேட்டைக் குத்துவாள். வெண்கல அலகில் தங்கமும் வெள்ளியும் பதித்து, பின்னணியைக் கறுப்புக் கலவையால் நிரப்பியிருக்கிறார்கள். ஐந்து ஆள், மூன்று சிங்கம், எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள். ஓர் ஆள் கீழே விழுந்து கிடக்கிறார், அவரைத் தேடிப் பாருங்கள். இரண்டாவது, வாஃபியோ தங்கக் கிண்ணங்கள் இரண்டு. இவை மைசீனியில் கிடைத்தவை அல்ல, ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்துக் கல்லறையில் கிறிஸ்டோஸ் ட்சூண்டாஸ் எடுத்தவை. இரண்டிலும் காளை பிடிக்கும் காட்சி. ஒன்றில் வலையில் சிக்கிய காளை உருள்கிறது, இன்னொரு காளை ஆட்களைத் தூக்கி எறிகிறது. மற்றதில் பசுவைக் காட்டி மயக்கிப் பின்னங்காலில் சத்தமில்லாமல் கயிறு போடுகிறார்கள். ஜல்லிக்கட்டு பார்த்த கண்ணுக்கு இந்த இரண்டு முறைக்குமான வித்தியாசம் விளக்கமே இல்லாமல் புரியும். கிண்ணத்தின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள், மழமழவென்று இருக்கும். வெளித்தகட்டில் புடைப்பு எடுத்தால் உள்ளே பள்ளம் விழ வேண்டும் அல்லவா? அதை மறைக்க உள்ளே இன்னொரு தகடு வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதைப் பார்த்தால் மனது கனக்கும். மூன்றாம் கல்லறையில் இருந்த குழந்தைகளைச் சுற்றிய தங்கத் தாள். கை, கால், முகம் எல்லாம் அளவுக்கு வெட்டி மடித்தது. பெரும்பாலோர் அதை நகைத் துண்டு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

---

வார்ப்புக்கூடம்:

வெண்கலத்தை நான் சொல்கிறேன். அறை 15-இல் ஆர்ட்டெமிசியோன் சிலை, 2.09 மீட்டர், ஏறத்தாழ கி.மு. 460. எவியா தீவின் வடமுனைக் கடலில் 1926-இல் முதலில் ஒரு கை கிடைத்தது, மிச்சம் 1928-இல். வானக் கடவுள் சீயுஸா, கடல் கடவுள் பொசைடனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. கையில் இருந்தது இடிப்படையா, முச்சூலமா என்பதுதான் கேள்வி. சூலம் வைத்துப் பார்த்தால் நீண்ட தண்டு முகத்துக்குக் குறுக்கே வந்து மறைக்கும். இவ்வளவு கணக்காக முகத்தைச் செய்தவன் அதைத் தானே மறைத்திருப்பானா? அதனால் பலர் சீயுஸ் பக்கம். நானும்தான்.

நம் ஊர் ஆட்கள் இங்கே தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று. 'மெழுகு வார்ப்பு, சுவாமிமலை மாதிரிதான்' என்பார்கள். பாதிதான் சரி. சோழர் படிமம் கனவார்ப்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடம் முழுக்க உலோகம் ஊற்றுகிறோம். உள்ளே காற்றுக்கு இடமில்லை. இரண்டு மீட்டர் ஆளை அப்படி ஊற்றினால் எடை தாங்காது என்பது ஒரு பக்கம். தொடை தடிமனும் மணிக்கட்டுத் தடிமனும் ஒரே வேகத்தில் ஆறாது, ஆறும்போது சுருங்கி வெடிக்கும் என்பதுதான் பெரிய சிக்கல். அதனால் கிரேக்கர்கள் உள்ளே களிமண் கரு வைத்து, அதன் மேல் மெல்லிய மெழுகு, அதன் மேல் வெளி அச்சு என்று மூன்று அடுக்கு வைத்தார்கள். மெழுகு உருகிப் போனதும் கரு ஆடி ஒரு பக்கம் சாயாமல் இருக்க உலோக ஆணிகள் குத்தி நிறுத்துவார்கள். தலை, கை, கால் தனித்தனியாக ஊற்றி ஒட்டுவார்கள். குமிழி விழுந்த இடத்தை நாற்கரமாக வெட்டி எடுத்து ஒட்டுத்துண்டு பதிப்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் இந்த ஒட்டுகளின் ஓரம் சில சிலைகளில் தெரியும்.

கண் இருக்க வேண்டிய இடம் இப்போது வெறும் குழி. அங்கே வேறு பொருளில் கண் பதித்திருந்தது, உதடு செம்பு. உடம்பும் இப்படிக் கறுப்பாக இல்லை, வெயிலில் காய்ந்த தோல் மாதிரிப் பொன்பழுப்பில் மின்னியது. கண் பதித்தால் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டுமா? அறை 28-க்குப் போய் ஆன்டிகித்தேரா இளைஞன் முன் நில்லுங்கள், கண் அப்படியே இருக்கிறது. அவனும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். வலது விரல்களுக்குள் ஏதோ உருண்டையாகப் பிடித்திருக்கிறான். ஆப்பிள் என்றால் டிராய் இளவரசன் பாரிஸ், வெட்டிய தலையின் முடி என்றால் மெதூசா அரக்கியைக் கொன்ற பெர்சியஸ், இப்படிச் சண்டை ஓடுகிறது.

வழியில் அறை 21-இல் குதிரைக்காரச் சிறுவன். அம்மாவை அங்கே உட்கார வைக்கலாம், இடம் விசாலம். குதிரை பாய்ச்சலில் இருக்கிறது, அந்தச் சிறுவன் 84 சென்டிமீட்டர்தான், நெற்றி சுருங்கி வாய் திறந்திருக்கிறது. குதிரையின் பின்தொடையில் சூட்டுக்குறி மாதிரி வெற்றித் தேவதை நீக்கேயின் உருவம் கீறியிருக்கும். பையனிடம் 'கண்டுபிடி' என்று விட்டுவிடுங்கள், கொட்டாவி நின்றுவிடும்.

இந்த மூன்றுமே கடலிலிருந்து எடுத்தவை என்பதைக் கவனியுங்கள். தரையில் நின்ற வெண்கலம் பெரும்பாலும் நாணயமாகவும் ஆயுதமாகவும் உருகிப் போயிற்று. கப்பல் கவிழ்ந்ததால்தான் இவை மிஞ்சின.

---

பல்சக்கரம்:

ஆன்டிகித்தேரா கருவி அறை 38-இல், பின்பக்கம் வெண்கலப் பொருள்கள் இருக்கும் பகுதியில். வழிதவறுவது சுலபம், நுழையும்போதே தரைப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தயார் செய்யாமல் போனால் உண்மையிலேயே பச்சைக் கட்டிதான் தெரியும். பையனுக்கு முதல் நாள் இரவே இதைச் சொல்லிவிடுங்கள்.

1900-இல் சிமி தீவின் கடற்பஞ்சு மூழ்காளிகள் ஆன்டிகித்தேரா தீவருகே மூழ்கிக் கிடந்த பழங்காலக் கப்பலைக் கண்டார்கள். சுமார் 45 மீட்டர் ஆழத்துக்கும் கீழே. அடுத்த ஆண்டு பொருள்களை எடுத்தபோது ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினார்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கருவி உடனே கவனத்துக்கு வரவில்லை. 1902-இல்தான் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அந்தக் கட்டியில் பல்சக்கரத்தைப் பார்த்தார். இப்போது மொத்தம் 82 துண்டுகள், அவற்றில் பெரியவை 7. மிஞ்சியிருக்கும் சக்கரங்கள் 30, அதில் 27 ஒரே துண்டில்.

கண்ணாடிக்குள் அந்தப் பெரிய துண்டில் நான்கு ஆரம் கொண்ட சக்கரம் வெறும் கண்ணுக்கே தெரியும். அதுதான் ஆண்டுச் சக்கரம், ஒரு சுற்று ஒரு வருடம். கைப்பிடி அதைச் சுற்ற, அதிலிருந்து மற்றவை பிரிகின்றன. விளிம்பில் பற்கள் முக்கோணமாக இருக்கின்றன, இன்றைய சக்கரங்களின் வளைந்த பல் அல்ல. அதனால் கொஞ்சம் அசையும், சிக்கும். ஆனால் பெட்டி ஏறத்தாழ 34 செ.மீ. உயரம், 18 அகலம், 9 தடிமன்தான். கையில் தூக்கும் அளவு.

கணக்கு இங்கேதான் சுவை. 19 வருடத்தில் சந்திரன் நட்சத்திரப் பின்னணியில் 254 முறை சுற்றுகிறது. 254/19 என்ற விகிதத்தைச் சக்கரத்தில் கொண்டுவர வேண்டும். அவர்கள் செய்தது: 64-பல் சக்கரம் 38-ஐ ஓட்டுகிறது, அதே அச்சில் 48 இன்னொரு 24-ஐ, அந்த அச்சில் 127 ஒரு 32-ஐ. பையனைக் காகிதத்தில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 254/19 பிசகாமல் வரும். 127 ஏன்? 254-இல் பாதி, பகா எண், உடைக்க முடியாது, வேறு வழியே இல்லை. கிரகணத்துக்கு 223 சந்திர மாதச் சுழற்சி. 223-உம் பகா எண், அதனால் 223 பல்லும் அரத்தால் ராவிய ஒரு சக்கரம். 254-இல் 19 கழித்தால் 235, அதுதான் 19 வருடத்தில் வரும் அமாவாசைகளின் எண்ணிக்கை. நம் பஞ்சாங்கத்தில் அதிமாதம் நுழைவதற்கும் அடிப்படை இதே பொருத்தம்தான்: 19 சூரிய ஆண்டுக்குள் 228 மாதம் போக 7 மிச்சம்.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: 50 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று, மையம் துளி விலகி. ஒன்றில் முளை, மற்றதில் நீள்துளை. முளை துளைக்குள் வழுக்குவதால் மேல் சக்கரம் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் சுற்றும். இது வெளியே தெரியாது, 2005-இல் எட்டு டன் எடையுள்ள எக்ஸ்-கதிர் கருவியை இங்கேயே கொண்டுவந்து வெட்டுப்படம் எடுத்த பிறகுதான் உறுதியானது. அதே அறையில் மறுஆக்க மாதிரிகள் இருக்கின்றன. மாதிரியை முதலில் பார்த்துவிட்டு அசலுக்கு வாருங்கள். தலைகீழாகச் செய்தால் கட்டிதான் மிஞ்சும்.

கருவிக்கு வெளியே, அதே கப்பலில் வந்த பளிங்குச் சிறுவன் சிலை ஒன்று உண்டு. அதை விடாதீர்கள். உடம்பில் ஒரு பக்கம் கடல்வாசிப் புழுக்களும் சிப்பிகளும் குடைந்து எலும்பு மாதிரி ஆகியிருக்கிறது, மணலுக்குள் புதைந்திருந்த பக்கம் நேற்றுச் செதுக்கியது போல வழவழப்பு. இரண்டாயிரம் ஆண்டு எந்த மட்டத்தில் மணல் நின்றது என்று விரலால் கோடு போட்டுக் காட்டலாம் (காற்றில்தான், சிலையில் அல்ல).

---

ஓட்டுச்சில்லு:

பல்சக்கரம் சொன்ன அமாவாசைக் கணக்கு சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கப்பல் மூழ்கியது கி.மு. 70-60 வாக்கில், பெர்கமோன், எபேசஸ் நகர நாணயங்களை வைத்து அப்படிக் கணிக்கிறார்கள். இளைஞன் சிலை கி.மு. 340-330. அதாவது கப்பல் ஏறும்போதே அது ஏறத்தாழ 270 வருடப் பழம்பொருள். ஒரே கப்பல் என்பதால் எல்லாம் ஒரே காலம் என்று பையனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பளிங்குப் பகுதியை முழுக்க விட வேண்டாம், இரண்டு மட்டும் போதும். சூனியோன் கூரோஸ் (நிற்கும் இளைஞன் சிலை), 3.05 மீட்டர், ஏறத்தாழ கி.மு. 600. எகிப்தியச் சிலை மாதிரி இடக்கால் முன்னால், கை உடம்போடு. ஆனால் எகிப்தியர் முதுகில் விட்டுவைக்கும் கல்தூண் இல்லை, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் கல்லை எடுத்துவிட்டார்கள். பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது தெரியும்.

மற்றது ஃபிரசிக்லேயா. பாரோஸ் தீவின் அரிஸ்தியோன் செதுக்கிய பெண். பீடம் நூற்றாண்டுகளாக ஒரு தேவாலயச் சுவரில் கல்லோடு கல்லாக இருந்தது. அதில் உள்ள வரிகள்: என்றும் கன்னி என்றே என்னை அழைப்பார்கள், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்கு இந்தப் பெயரைத் தந்தன. சிலை எங்கே என்று யாருக்கும் தெரியாது. 1972-இல் பக்கத்திலேயே ஒரு குழியில் கிடைத்தது. காலடியில் இருந்த ஈய வளையம் பீடத்தின் பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. யாரோ வேண்டுமென்றே பத்திரமாகப் புதைத்ததால் உடையில் சிவப்பு வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிரேக்கச் சிலை என்றால் வெள்ளை என்ற நினைப்பை இவளிடம் விட்டுவிட்டு வரலாம்.

சிலைகளைப் புதைத்த கதை அத்தோடு முடியவில்லை. தெருப்பெயரில் இருக்கும் அக்டோபர் 28, 1940-இல் இத்தாலி படையெடுத்த நாள். அதன்பின் மாதக்கணக்கில் அருங்காட்சியக ஊழியர்கள் இதே கூடங்களின் தரையைப் பெயர்த்துக் குழிவெட்டி, சூனியோன் கூரோஸ் உள்படப் பெரிய சிலைகளை உள்ளே நிறுத்தி மணல் போட்டு மூடினார்கள். தங்கம் கிரேக்க வங்கிப் பெட்டகத்துக்குப் போயிற்று. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் நுழைந்தபோது இருந்தது வெறும் கூடம்.

---

நடுவாசல்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய் மாலை 4 என்று முடிவு செய்தாயிற்று. பையன் 64, 38 பெருக்கல் போட்டுவிட்டான், இப்போது 223-பல் சக்கரத்தை அட்டையில் வெட்டுகிறேன் என்று நிற்கிறான். கடைசியாக ஒன்று: மாடியில் சாந்தோரினிச் சுவரோவியங்கள் இருக்கிறதாமே, அம்மாவுக்காக ஏறத்தான் வேண்டுமா? பார்த்தினன் கோயில் சிற்பங்களும் இங்கேதானா?

---

ஓட்டுச்சில்லு:

பார்த்தினன் சிற்பங்கள் இங்கே இல்லை. ஏதென்ஸில் இருப்பவை அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ பாதி லண்டனில். இங்கே அறை 20-இல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஒரு பளிங்கு அதீனா இருக்கிறாள். பார்த்தினனுக்குள் நின்ற, சிற்பி ஃபிடியாஸின் பன்னிரண்டு மீட்டர் பொன்-தந்தச் சிலை எப்படி இருந்தது என்று காட்டும் ரோமானியக் காலப் பிரதி. அழகு கம்மி, சாட்சியாக விலை மதிப்பில்லாதது.

அறை 48-க்கு அவசியம் போங்கள், லிப்ட் எங்கே என்று காவலரிடம் கேளுங்கள். சில கூடங்களை ஆள் பற்றாக்குறையால் முன்கூட்டியே மூடுவதுண்டு, அதனால் சீட்டு வாங்கும்போதே 48 இன்று திறந்திருக்கிறதா, எத்தனை மணி வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாந்தோரினித் தீவின் அக்ரோத்தீரி ஊரை எரிமலைச் சாம்பல் மூடியது, 1967 முதல் ஸ்பிரிடோன் மரினாதோஸ் தோண்டினார். வசந்தகால ஓவியம் மூன்று சுவரைச் சுற்றி வருகிறது: சிவப்பும் மஞ்சளும் நீலமுமான பாறை, செந்நிற லில்லி, நடுவில் ஜோடி சேர்ந்த தகைவிலான் குருவிகள். சுவரிலேயே நின்றபடி கிடைத்த ஓவியம் அது. பக்கத்தில் குத்துச்சண்டைச் சிறுவர் இருவர், ஆளுக்கு ஒரு கையில் மட்டும்தான் உறை. தலையில் நீலப் பகுதி மழித்த மண்டை. அந்த அறையில் உங்கள் மூவரில் அம்மாதான் அதிக நேரம் இருப்பார்.

---

பயணப்பை:

7.30-க்கு மேல் மாடிக்குப் போக வேண்டாம், காவலர்கள் கூடங்களை மேலிருந்து காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். 4 மணிக்கு அறை 4, 5-க்கு வெண்கலம், 5.45-க்கு காபி, 6.15-க்கு கருவி, 7-க்கு மாடி. அட்டைச் சக்கரத்தைப் பையில் வைத்து உள்ளே கொண்டுவர வேண்டாம், வைப்பறையில் கொடுங்கள். காவலரிடம் அதை விளக்குவதற்குள் அரை மணி நேரம் போய்விடும்.